வேலிக்குள் காய்த்த பூசணி

கல்முனைச் சந்தையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"எண்ட மனிசன் இப்ப பூசணிக்காய்க்குக் காவல் இரிக்கார், ராத்தா."

"கள்ளனுக்குப் பயந்தா?"

"இல்ல, பக்கத்து வளவுல இரிக்கிற அவருட கூடப்பொறந்த மூத்த காக்காவுக்கு. கொடி எங்கட வளவுல. காய் வேலிக் கம்புக்கு நடுவுல பிடிச்சிற்று. பாதி இங்கால, பாதி அங்கால. தனக்குத்தான் எண்டு காக்காவும் அங்கால கதிரை போட்டு இரிக்கார்."

"அவங்க ரெண்டு பேரும் கதைக்கிறல்லயே?"

"வாப்பா மவுத்தாகி வளவப் பிரிச்சதிலிருந்து கதைக்கல்ல. முதல்ல முறைச்சுக்கொண்டுதான் இருந்தாங்க. மறுகா ஒருநாள் மழை தூறக்க, 'குடை இரிக்காடா' எண்டு காக்கா கேட்டார். இப்ப விடிஞ்சா பொழுதுபடும்வரைக்கும் கதைதான். தேத்தண்ணி வேலிப் பொட்டுக்குள்ளால போகுது."

"மத்த மரக்கறியெல்லாம்?"

"கத்தரியப் பூச்சி தின்னுட்டு. பயற்றங்காய் முத்திப் போச்சு. ஆசையா நட்ட செவ்வந்திய ஆடு மேஞ்சிட்டு. ஆரு பாக்கிற?"

"அப்ப பூசணிய வெட்டி, பாதி பாதியா எடுங்களன்."

"நானும் மனிசனுக்குச் சொன்னன். 'வெட்டினா நாளைக்கு என்னத்தச் சொல்லி இங்க வந்து இரிக்கிற' எண்டு கேக்கார்."

மூத்தவள் கேட்டாள்:

"கறிக்கு என்ன செய்றாய்?"

இளையவள் காலடியிலிருந்த பையை மெல்லத் திறந்து காட்டினாள். சந்தையில் வாங்கிய பூசணிக் கீற்று ஒன்று உள்ளே கிடந்தது.

"இதத்தான் ரெண்டு பேருக்கும் ஆக்கிக் குடுக்கப் போறன்."