அக்கரை வீட்டு பிசியோதெரபிஸ்ட்

"ஹலோ... ஹலோ... கேக்குதா? பவானியம்மா வீடுதானே?... ஆமாம்மா, நான் சுகதன். இக்கரையில... ஆமா, ஆமா, வாத்துக்காரன் சுகதன்தான். வெச்சுடாதீங்க! ஐயோ, வெச்சுடாதீங்கம்மா!"

கேரளத்தின் குட்டநாட்டில் இருந்த அவர் வீட்டுக்கு மூன்று பக்கமும் தண்ணீர். ஜன்னலை ஒட்டிய கட்டில் பக்கம்தான் சிக்னல் நிற்கும். சுகதன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசினார்.

"இல்லம்மா, வாத்து விஷயம் இல்ல... சரி, போன வருஷம் உங்க நாத்துல எறங்குனது என் வாத்துங்கதான். அன்னைக்கு இல்லேன்னு சாதிச்சேன். இன்னைக்கு ஒத்துக்கறேன். தப்பு என்னோடதுதான்... ஆமா, ஆமா, திட்டுங்க. திட்டி முடிச்சுட்டு ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க."

அந்தம்மா முடிக்க வெகுநேரம் ஆனது. கட்டிலில் கிடந்த மனைவி ரத்னம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்துக்கு முன்பு, நெல் அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

"முடிஞ்சுதாம்மா?... உங்க மருமக லேகா பிசியோதெரபி படிச்சவங்கன்னு சுகாதார ஊழியர் ஷைலஜா சொன்னாங்க. அவங்களோட ஒரு வார்த்தை... தெரியும்மா, கொழந்தை பொறந்ததும் வேலைய விட்டுட்டாங்க... உங்க மகன் துபாய்லேர்ந்து வேணாம்னுட்டாரா?... சரி... சரி... வீடு வீடாப் போயி கண்டவங்க கையக் காலப் புடிக்கறதா... கண்டவங்க இல்லம்மா, ரத்னம்மா! நூறுநாள் வேலைல உங்க பக்கத்துல நின்னு ஆகாயத்தாமரை வாருனவ! மறந்துட்டீங்களா?"

"டவுன்லயா? பாத்தாச்சும்மா. அங்க கொண்டாங்கன்னு சொல்றாங்க. படகுல ஏத்தி எறக்கறதுக்குள்ள அவ போடற அலறல் உங்க கரை வரைக்கும் கேக்குமே... வீட்டுக்கு ஒருத்தன் வந்தான். தெரபிஸ்டுன்னு சொல்லி வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு மூணு வாரம் வந்தான். கையப் புடிச்சு இழுத்தான். நானும்... நானும் பக்கத்துல நின்னு, பொறுத்துக்கோடீன்னு..."

சுகதன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரத்னம்மாவின் தோள் மூட்டு இறங்கிப்போனதைப் பெரியாஸ்பத்திரி டாக்டர்தான் கண்டுபிடித்தார். வந்தவன் மசாஜ் நிலையத்தில் வேலை பார்த்தவனாம். முறையாகப் பதிவு செய்தவரைத் தேடுங்கள், முதல் மூன்று மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சத்தம் போட்டு அனுப்பினார்.

"அதுல பாதி போயிடுச்சும்மா! இன்னும் எவ்வளவு நாள் இவள இப்படியே பாத்துக்கிட்டு... ஹலோ? அம்மா? இருக்கீங்களா?... யாரு?... லேகாவா! மோளே, மகளே!"

அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமா மோளே, வலது பக்கம்... முழுங்கறா, கஞ்சி முழுங்கறா... கால் பெருவிரல் மட்டும் லேசா அசையுது... தோள்லயா? ஒரு விரல் போற அளவுக்குப் பள்ளம்... இல்ல இல்ல, இழுக்கல. இப்ப தொடவே பயமா இருக்கு... தலையணையா? கைக்கு அடியிலயா? இரு, இரு..."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரத்னம்மாவின் கையை இரண்டு கையாலும் ஏந்தித் தலையணைமேல் வைத்தார். அவள் முனகவில்லை.

"வெச்சுட்டேன்... மோளே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காத. உன் பேரு பதிவுல இருக்கா? நம்பர் ஏதாச்சும்... ஒரு தடவை ஏமாந்தவன் கேக்கறேன்... சிரிக்கிறியா?... சொல்லு, சொல்லு, எழுதிக்கறேன்."

முட்டை அடுக்கும் அட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதினார்.

"புதுப்பிச்சும் வெச்சிருக்கியா? வேலைய விட்டப்புறமுமா?... அம்மாவுக்குத் தெரியாதா?... இப்பத் தெரிஞ்சுபோச்சா! ஐயையோ... என்ன சத்தம் அங்க? என்ன சொல்றாங்க?... மோளே, நீ வருவியா? மாட்டியா? அத மட்டும் சொல்லிடு... இவகிட்டயா? இவளால பேச முடியாதே... கேப்பா, எல்லாம் நல்லாக் கேப்பா. இந்தா, காதுல வெக்கறேன்."

போனை அவள் காதோடு அழுத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. ரத்னம்மாவின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. முடியாது என்றுதான் சொல்கிறார்கள்போல.

"ஹலோ! மோளே! என்ன சொன்ன?... ஹலோ? ஹலோ?..."

லைன் போய்விட்டிருந்தது. மறுபடி அடித்தார். தொடர்பு கிடைக்கவில்லை.

"ரத்னம்மா, என்னடி சொன்னா? வரமாட்டேன்னுட்டாளா?"

அவள் இடது கையைத் தூக்கினாள். காற்றில் ஒரு தடவை துழாவினாள். இன்னொரு தடவை.

"தோணியா? நான் போயிக் கூட்டிட்டு வரணுமா? இப்பவேவா?"

தலையசைத்தாள். சுகதன் துடுப்பை எடுக்கப் பாய்ந்தபோது அவர் வேட்டி நுனியைப் பிடித்து நிறுத்தி, இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு மணிக்கா?... இல்லையா? ரெண்டு பேரா?... யாரு, பவானியம்மாவுமா!"

ரத்னம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

தோணிக் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் மேலே சட்டை இல்லாமல் நிற்பது சுகதனுக்குத் தெரிந்தது. திரும்பி ஓடிவந்து ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் மறுபடி ஓடினார்.