ஞானப்பூ சாத்தின கதவு

அப்போ இந்தச் செம்மணல் தேரிக்குள்ள ரோடும் கெடையாது, கரண்டும் கெடையாது, மக்கா. மணல்விளைன்னு ஒரு ஊரு. முப்பது வீடு, ஒரு வேதக்கோயிலு, ஒரு கெணறு, மத்ததெல்லாம் பனை. அங்க வேதக்கண்ணு, ஞானப்பூன்னு புருசன் பொண்டாட்டி இருந்தாவளாம். பிள்ளை கெடையாது.

அந்தக் காலத்துல நெல்லுச்சோறுன்னா கிறிஸ்மஸுக்குத்தான். மத்த நாளெல்லாம் கூழும் கெழங்கும். இதுல மூணு வருசம் மழை இல்லாம அந்த ஒரு நாளும் போச்சாம். நாலாவது வருசம் மழை பெஞ்சுது. ஊரே சேந்து நெல்லு வாங்கி, ரெண்டு கெடாவும் பிடிச்சுக் கட்டுனாவளாம். சின்னப் பிள்ளையளுக்கு நெல்லுச்சோறுன்னா என்னன்னே தெரியாது. வெள்ளையா இருக்குமாமேன்னு பேசிக்கிட்டே அலைஞ்சுதுவளாம்.

வேதக்கண்ணு பனையில இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு, மாசக்கணக்காப் படுக்கையில கெடந்தாரு. கிறிஸ்மஸு அன்னைக்குக் காலையில ஊரெல்லாம் ஆராதனைக்குப் போயிட்டுது. ஞானப்பூ மட்டும் அவருகிட்ட இருந்தா. நல்லா வெயில் ஏறுன நேரம், அவரு தண்ணி கேட்டாராம். மொண்டுக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டாரு.

இப்ப அவ என்ன செய்யணும்? தெருவுல எறங்கிக் கத்தணும். கத்துனா என்ன ஆவும்? அங்க ஒரு கட்டுப்பாடு. ஊருல ஒரு உசுரு போச்சுன்னா, மண்ணுக்குள்ள வைக்கிற வரைக்கும் ஒரு வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது. எரியுத அடுப்புல தண்ணி ஊத்தணும். ஆக்குன சோத்தைக் கொண்டுபோய்க் கொட்டணும். அவ வாயத் தெறந்தா அந்தப் பிள்ளையளுக்கு அன்னைக்கும் நெல்லுச்சோறு கெடையாது.

அவ கத்தல. கண்ணை மூடிவிட்டா, தாடையைக் கட்டுனா, பெருவெரலைச் சேத்துக் கட்டுனா. கதவைச் சாத்துனா. அழுகையை அடக்குனாளான்னா, அடக்க ஒண்ணும் வரலையாம். காலு மரத்துப்போவும் பாத்தியளா, அதுபோல ஒடம்பு முழுக்க மரத்துப்போச்சுன்னு பின்னால சொன்னாளாம்.

கோயில் விட்டு ஊரு பாடிக்கிட்டே வந்துது. பிள்ளையள் பலகாரத்துக்கு வந்து கதவைத் தட்டிச்சுதுவ. ஒரு சாண் தெறந்து, ஆளுக்கொரு முறுக்கு குடுத்தாளாம். முந்தின நாளு அவரு கெடந்த கெடையிலயே மாவுல உப்பு பாத்துச் சொன்ன முறுக்கு. அதையும் ஒண்ணும் தோணாமத்தான் குடுத்தாளாம். பண்டிகை நாளும் அதுவுமா கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா, திமிருதான்னு நாலு பேரு பேசுனாவளாம். நம்ம ஊரு வாயி எப்பவும் அப்படித்தான்.

மத்தியானம் அடுத்த வீட்டு தேவகிருபை வந்தா. வேதக்கண்ணுக்குக் கூடப்பெறந்த தங்கச்சி. கையில ரெண்டு தட்டு, சோறும் கறியும்.

"அண்ணன் எப்படி இருக்காவ, மதினி?"

"ஒறங்குதாவ."

தட்டை வாங்கி அவரு பக்கத்துல வச்சாளாம். ரெண்டையும் அங்கனயே வச்சிட்டு, தெருவுல கேக்குத சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தாளாம். சட்டி வழிக்கிற சத்தம், பிள்ளையள் இன்னும் வேணும்னு கேக்குத சத்தம், கடைசியா கை கழுவுத சத்தம். அதுக்கப்புறந்தான் கதவை அகலத் தெறந்து, அவிய காலையிலயே போயிட்டாவன்னு சொன்னாளாம்.

தேவகிருபை ஓடி வந்தா. அண்ணன் மொகத்தைப் பாத்தா, பக்கத்துல இருந்த தட்டைப் பாத்தா.

"எங்கண்ணன் செத்துக் கெடக்கையில என்னைக் கறியும் சோறும் திங்க வச்சிட்டியே, நீ பொம்பளையா?"

ஞானப்பூ அவ மொகத்தைக்கூடப் பாக்கலையாம். "பிள்ளையள் வயிறாரத் தின்னுச்சுவளா?"ன்னு மட்டும் கேட்டாளாம்.

வேதக்கண்ணை அடக்கம் பண்ணுனாவ. கல்லறையிலயும் அவ அழல. தேவகிருபை அவகிட்டப் பேச்சை நிறுத்திட்டா. ஒரு வருசம், நடுவுல ஒரு சுவரு, ஒரு வார்த்தை கெடையாது. தனக்கு அது கோவமா வெக்கமான்னு அவளுக்கே தெரியலையாம்.

அடுத்த கிறிஸ்மஸு வந்துது. சோறு வெந்து எறக்கியாச்சு, பிள்ளையள் எலையில உக்காந்தாச்சு. தேவகிருபைக்குக் கரண்டியில கை போவலையாம். அப்படியே போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயி, கதவைத் தட்டுனாளாம்.

"மதினி, எல்லாரும் இருக்கீயளா?"

ஒத்தை ஆளு இருக்கிற வீடு. தேவகிருபை வாசல்லயே நின்னாளாம். பெறவு கதவு தெறந்துது.

"நான் இருக்கேன்."

அதுக்கப்புறந்தான் தேவகிருபை வந்து பிள்ளையளுக்குச் சோறு போட்டா.

அன்னைக்குத் தொடங்குனது. இன்னைக்கும் மணல்விளையில கிறிஸ்மஸு மத்தியானம், எலை போட்ட பெறவு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாரும் இருக்கீயளான்னு கேக்காம ஒருத்தரும் சோத்துல கை வைக்கமாட்டாவ. வீட்டுல உள்ளவிய அம்புட்டுப் பேரும் வெளிய வந்து மொகம் காட்டணும். பிழைக்கப் போனவிய பூட்டிப்போட்ட வீடா இருந்தாலும் கேக்கணும். பதில் வராதுன்னு தெரியும். தெரிஞ்சாலும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வரணும்.