எல்லாஞ் சேத்தி

நான் நான்கு நிமிடத்துக்கு மேல் குளிக்கிறவன் அல்ல. குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஒரு சிறிய மேசைக்கடிகாரம் வைத்திருந்தேன். இதை முதலில் சொல்லக் காரணம், அந்த வீட்டின் வெந்நீரை எல்லாம் நான்தான் தீர்க்கிறேன் என்று மாடியில் ஒரு பேச்சு இருந்தது. அது சரியான பேச்சு அல்ல.

மொழிபெயர்ப்பாளர் பசுபதி சார், வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது உதவியாக இருந்தது. டிடெக்டிவுக்காக இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

என் பெயர் ஷைன். வயது இருபத்தாறு. ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். கம்ப்யூட்டர் வேலைக்காக 1997 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த எடிசன் நகருக்கு வந்தேன். நவம்பரில் புராஜெக்ட் முடிந்ததும் கம்பெனி என்னை பெஞ்சில் உட்கார வைத்தது. அடுத்த வேலை அமையும்வரை பாதிச் சம்பளம், பகல் முழுக்க வீடு. வந்த மாதத்திலிருந்தே செவ்வாயும் வியாழனும் மாலையில் ஆங்கிலம் எழுதப் பழகும் வகுப்புக்குப் போனேன். அந்த ஆசிரியைதான் எங்களை டயரி எழுதச் சொன்னவர். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பார். எனக்கு என் கண்ணின் மேலேயே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் உறுதியில்லாத இடத்தில் எல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். உங்கள் மேசையில் இருக்கும் நீல நோட்டில் நிறையக் கேள்விக்குறிகள் இருக்கும்.

வீடு வெங்கடாசலம் அங்கிளுடையது. அவர், மனைவி நாகமணி ஆன்ட்டி, எட்டாவது படிக்கும் மகள் பிரீத்தி ஆகிய மூவரும் மேலே. நான் கீழே பேஸ்மென்டில். அவர்கள் பெருந்துறைப் பக்கத்துக்காரர்கள். செப்டம்பரில் அறையைப் பார்க்கப் போனபோது அங்கிள் படிக்கட்டில் நின்றுகொண்டே சொன்னது இது. அன்றே டயரியில் எழுதினேன்.

"வாடகை நானூத்தம்பதுங்க தம்பி. கேஸு, கரண்டு எல்லாஞ் சேத்தி மாசாமாசம் குடுத்துருங்க."

சொல் இதுதான். சேத்தி. எங்கள் பக்கத்தில் சேர்த்து என்போம். நானூற்றைம்பதுக்குள் எல்லாம் அடக்கம் என்றும் கேட்கலாம். நானூற்றைம்பதோடு மற்றதையும் கூட்டிக் கொடு என்றும் கேட்கலாம். நான் அடக்கம் என்று கேட்டேன். எதிரில் கேள்விக்குறி போடவில்லை. என் முதல் தவறு அது என்றால், சரி, தவறுதான்.

மூன்று மாதம் ஒன்றும் கேட்கவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை கையில் தாளோடு கீழே வந்தார்.

"மூணு மாசத்துக் கேஸு, கரண்டுங்க தம்பி. உங்க பங்கு மூணுல ஒண்ணு. அப்பறம் ஃபர்னஸ் சர்வீஸ் சார்ஜு, மாசம் பத்து."

"அங்கிள், எல்லாம் சேர்த்துன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. அதான் எல்லாத்தையுஞ் சேத்திக் கொண்டாந்திருக்கறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக எழுதியிருக்கிறேன். அதற்கும் கேள்விக்குறி போடவில்லை.

கேட்டதைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து மீட்டரைப் பார்க்கத் தொடங்கினேன். கேஸ் மீட்டரும், வீடு முழுக்கச் சூடான காற்று அனுப்பும் ஃபர்னஸும் என் அறையை ஒட்டிய சின்ன அறையில்தான் இருந்தன. காலை ஏழு மணிக்கு ஒரு எண், மாலை ஆறு மணிக்கு ஒரு எண். மேலே எத்தனை முறை வாஷிங் மெஷின் ஓடியது, பிரீத்தி எவ்வளவு நேரம் குளித்தாள், அடுப்பு எப்போது எரிந்தது, எல்லாம் எழுதினேன். ஜனவரி நாலாம் தேதி என் அறைக்குச் சூடு வரும் காற்றுத் துவாரத்தை பார்சல் டேப்பால் ஒட்டி மூடினேன். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்தேன். ஜாக்கெட், குல்லாய், கையுறையோடு தூங்கினேன். நான் ஹீட் பயன்படுத்தவில்லை என்பதற்கு வேறு எப்படிச் சாட்சி வைப்பது?

அங்கிள் வந்து டேப்பைப் பார்த்தார். "இத ஒட்டுனா பில்லு கொறையாதுங்க தம்பி. உங்களுக்குச் சளிதான் புடிக்கும்" என்றார். அந்த மாதமும் மூன்றில் ஒரு பங்கு, பத்து டாலர் சர்வீஸ் சார்ஜ்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மேலே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. நான் படியேறி உள்ளே போனதும் அங்கிள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க ஊட்டு ஈபிக்காரரு வந்துட்டாருங்க. எல்லா லைட்டையும் அமத்துங்க."

ஒருவர் உண்மையாகவே எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டார். நல்ல சிரிப்பு. இன்னொருவர், "தம்பி, எங்க வீட்டுக்கும் ரீடிங் எடுக்க வருவீங்களா, அட்டை வச்சிருக்கோம்" என்றார். நாகமணி ஆன்ட்டிதான், "சும்மாருங்க, பாவம், சாப்புட வந்த புள்ளய" என்று என் தட்டில் இரண்டாம் முறை பொங்கல் வைத்தார். நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். அன்றைய பக்கத்தில் மீட்டர் எண்கள் மட்டுமே இருக்கின்றன. வேறு ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஃபர்னஸின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தீ மஞ்சளாக இருந்தது. முன்பு நீலமாக இருந்தது. குழாய் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது. இதை எழுதி, கேள்விக்குறி போட்டேன். மறுநாளும் மஞ்சள்தான். கேள்விக்குறியை அடித்தேன்.

கேஸ் பில்லின் உறையை அங்கிள் அப்படியே என்னிடம் கொடுப்பது வழக்கம், நானே சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்த உறையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. தீ மஞ்சளாக எரிந்தாலோ, வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ உடனே வெளியேறி ஆளைக் கூப்பிடுங்கள் என்று போட்டிருந்தது. அந்த வாரம் வகுப்பில் ஐந்து புதிய சொற்கள் எழுதி வரவேண்டும். நான் அந்தத் தாளிலிருந்துதான் எடுத்தேன். ஓடர்லெஸ் என்பது அதில் ஒன்று. மணமற்றது. கார்பன் மோனாக்ஸைடு, மணமற்றது. ஆசிரியை நல்ல தேர்வு என்று எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியாது என்று இதுவரை சொல்லவும் இல்லை.

ஆன்ட்டிக்கு அந்த வாரம் தலைவலி. துவாரத்தில் டேப்பும் திறந்த ஜன்னலும் இருந்ததால் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை அவருக்கு. கடைக்குப் போனால் சரியாகிவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் பிடித்துக்கொள்கிறது என்று படிக்கட்டில் நின்று சொன்னார். "இந்த ஊடே எனக்கு ஆகாதாட்ட இருக்குதுங்க தம்பி." புதன்கிழமை அங்கிள் ஃபர்னஸ் ஆளுக்கு போன் செய்துவிட்டார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பகலில் வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். வியாழன் காலை வேலைக்குப் போகும்போது ஆன்ட்டி காரின் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "அவன் வந்தாக் கதவத் தொறந்து உடுங்க தம்பி. வந்து பாக்கறதுக்கே அறுவத்தஞ்சு டாலராமா. அத வாடகைல சேத்திக்கலாம்னாரு."

மறுபடி அதே சொல்.

காலை முழுக்க அதைத்தான் யோசித்தேன். மாதம் பத்து டாலர் சர்வீஸ் சார்ஜ் என்று வாங்கியது எதற்கு? சர்வீஸுக்குத்தானே. இப்போது உண்மையான சர்வீஸ் வரும்போது அதையும் என் வாடகையில் கூட்டுகிறார்கள். நான் பயன்படுத்தாத ஹீட்டுக்கு, டேப் ஒட்டிய துவாரத்துக்கு. பார்க்க மட்டும் அறுபத்தைந்து. பழுதுபார்த்தால் இன்னும் எவ்வளவோ, அதிலும் மூன்றில் ஒன்று. ஆன்ட்டியின் கடைக்கு போன் செய்து, கூட்டியா, அடக்கமா என்று கேட்டிருக்கலாம். எண் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. போன முறை கேட்டதற்குக் கிடைத்த பெயர் ஈபிக்காரர்.

இரண்டு ஐந்துக்கு ஆள் வந்தார். வெள்ளைக்காரர், வயதானவர், மரியாதையானவர். பூட்ஸில் இருந்த பனியைத் தட்டிவிட்டுத்தான் படியில் கால் வைத்தார். நான் வாசலிலேயே நின்று, பிரச்சினை தீர்ந்துவிட்டது, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்றேன். வந்ததுதான் வந்தேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேனே என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் இருப்பவர் ரத்து செய்தார் என்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினார். உள்ளே வராததால் கட்டணம் இல்லை. சீட்டின் மஞ்சள் பிரதியை டயரியில் ஒட்டியிருக்கிறேன். மறைக்க நினைப்பவன் ஒட்டி வைப்பானா என்று டிடெக்டிவிடம் கேளுங்கள்.

ஆறு மணிக்கு அங்கிள் வந்தார்.

"ஆளு வந்தாருங்களா தம்பி?"

"வந்தார் அங்கிள்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"சார்ஜு?"

"ஒண்ணும் வாங்கல."

"அட, இந்த ஊருல இப்படியும் ஒரு மனுசன்" என்று சந்தோஷமாக மேலே போனார். ஆன்ட்டியிடம் சொல்வது கேட்டது: "ஃபர்னஸ் நல்லாருக்குதாம். நீ அந்த மூக்குக்கண்ணாடிய மாத்து மொதல்ல, தலவலி தானாப் போயிரும்." நான் சொன்ன மூன்றும் உண்மை. திருப்பிப் படித்துப் பாருங்கள். பொய் இல்லை. ஃபர்னஸ் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அவர், நான் அல்ல. பிறகு நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

வெள்ளி மாலை பிரீத்தி தோழி வீட்டுக்குப் போனாள். ஏதோ பள்ளி புராஜெக்ட், அங்கேயே தங்கல். சனி காலை கடும் பனி. பதினோரு மணிக்கு நான் நூலகத்துக்குக் கிளம்பியபோது அங்கிள் வாசலில் பனி தள்ளிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. படியைத் தவறவிட்டு, கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

"தல ஒரே பாரமா இருக்குதுங்க தம்பி. அவளும் எந்திரிக்க மாட்டேங்கறா. சித்த நேரம் படுக்கறோம்."

"பனியாலதான் அங்கிள்," என்றேன். "உள்ள போய் சூடா இருங்க."

இதையும் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் பிரீத்தி பேஸ்மென்ட் கதவைத் தட்டினாள். பையை முதுகில் மாட்டியபடி நின்றாள். "நோபடி இஸ் ஆன்சரிங் தி பெல். கேன் ஐ கோ அப் திஸ் வே?" உள் படிக்கட்டின் கதவைத் திறந்துவிட்டேன். ஏறும்போது திரும்பி, "ஷைன் அண்ணா, டிட் தி ஃபர்னஸ் மேன் கம்?" என்று கேட்டாள். வந்தார் என்றேன். பிறகு, "மேல போனதும் ஃபர்ஸ்ட் ஜன்னலைத் திற" என்றேன்.

டிடெக்டிவ் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஆறு முறை கேட்டார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய வாக்கியமும் அதுதான் என்பதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் அவள் பின்னால் மேலே போகவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. முதலில் ஆங்கிலத்தில். அப்புறம் தமிழில். அவள் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நேற்று ஒரு தாளின் நகலைக் காட்டினீர்கள். மேலே சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டரின் வியாழக்கிழமைத் தாள். அங்கிளின் கையெழுத்துதான், சந்தேகமில்லை. "ஃபர்னஸ் ஆள் 65. வாடகையில் அடக்கம். தம்பியிடம் கேட்க வேண்டாம். வேலை இல்லாத பிள்ளை. சர்வீஸ் சார்ஜ் 10ம் இனி வேண்டாம்."

அடக்கம். அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கிறது. எழுதும்போது தெரிந்தது பேசும்போது தெரியவில்லை.

டிடெக்டிவ் நேராகக் கேட்கிறார், நானும் நேராகச் சொல்கிறேன். தீ மஞ்சளாக எரிவது எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் என்றும் தெரியும். பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது நான். இரண்டு நாள், மேலே இருந்து வரும் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே போனதை நேரம் போட்டு எழுதியவனும் நான். அதில் ஒரு இடத்திலும் கேள்விக்குறி இல்லை.

அடக்கம் என்று தெரிந்திருந்தால் அந்த ஆளை உள்ளே விட்டிருப்பாயா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. விட்டிருப்பேன். உடனே விட்டிருப்பேன். டார்ச் அடித்துக் காட்டியிருப்பேன். அப்படிப் பார்த்தால் என் மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, பசுபதி சார். அவர்கள் ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள். தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.