சாம்பல் பட்டைக்குள் நான்கு நொடி

பொறுமையே உருவாக இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து முகமலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! ஊரெல்லாம் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று மழுப்பும் தாய்மார்களே! அந்த மழுப்பலை அப்படியே நம்பிவிடும் அப்பாவி ஐயாமார்களே! மைக்கைக் கொடுத்தால் இவள் லேசில் விடமாட்டாள் என்று தெரிந்தும் துணிந்து அழைத்த விழாக் குழுவினரே! அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

நான் மருத்துவர் அல்ல. மற்றவர்களின் இதயத்துடிப்பைத் திரையில் வாசிப்பவள். என் அறையில் இரண்டு திரை, ஒரு நாற்காலி, மூடாத ஒரு சன்னல். எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் உடன் வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘துப்பறியும் அக்கா’. அதோ, சிரிக்கிறார்கள் பாருங்கள், வைத்தவர்களே அவர்கள்தான்!

ஆஸ்பத்திரியில் சிலருக்கு மட்டும் கொடுத்துவந்த இதயக் கருவிகளில் இருபதை இன்று இங்கே இரவல் கொடுக்கத் தொடங்குகிறோம். தீப்பெட்டி அளவுதான். நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு ஏழு நாள் வீட்டிலேயே இருக்கலாம். அது துடிப்பைப் பதிந்து, வீட்டுச் செல்போன் வழியாக எங்களுக்கு அனுப்பிவிடும். என்ன ஐயா, பின்வரிசையில் கேட்பது புரியவில்லை... ஷாக் அடிக்குமா? அடிக்காது ஐயா! அது கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அதைவிட வீட்டு மின்விசிறி சுவிட்சுதான் அடிக்கும்!

ஆனால் எனக்கொரு கேள்வி. ஆஸ்பத்திரியில் அத்தனை பெரிய இயந்திரம் இருக்க, இந்தச் சின்னப் பிளாஸ்திரி எதற்கு? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை சொல்லிக் கொடுத்தவர் ஓர் அம்மா. அவர் அனுமதியோடு அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது. அடிக்கடி கண் இருட்டிக்கொண்டு வரும், ஒருமுறை கீழே விழுந்தே விட்டார். எங்களிடம் வந்தார். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தோம், இயல்பு. மறு வாரம் எடுத்தோம், இயல்பு. மூன்றாம் முறையும் இயல்பு! வீட்டிலே கணவருக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு. அந்தக் கவலைதான் இப்படிப் படுத்துகிறது போலும் என்று ‘மனப்பதற்றம்’ என எழுதியவர்... தலைவர் அவர்கள் குனிந்துகொள்கிறார், பெயர் சொல்ல வேண்டியதில்லை! இருந்தாலும், எதற்கும் ஏழு நாள் பார்த்துவிடுவோம் என்று பிளாஸ்திரியை ஒட்டச் சொன்னவரும் அவரேதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்திரியோடு ஒரு குறிப்பேடும் கொடுப்போம். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். அம்மாவுக்கு ஏது நேரம்? படுக்கையில் இருந்த கணவர் எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர் யார் தெரியுமா? இருபது வருட லிப்ட் மெக்கானிக்! மணி தவறாமல் எழுதினார், மாலையில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். “11.00, கடைக்குப் போனாள். 11.15, லிப்டில் வந்தாள். 11.20, ஓய்வு.” அச்சடித்தது போல எழுத்து.

முதல் நாள் பதிவு வந்தது. எல்லாம் ஒழுங்கு. பதினொன்றேகாலுக்கு மட்டும் கோடுகள் கன்னாபின்னாவென்று கிறுக்கியிருந்தன. உடம்பு அசைந்தால் அப்படி இரைச்சல் விழும். கணினி அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் மூடிவிடும். ‘அசைவு இரைச்சல், விலக்கப்பட்டது’ என்று முத்திரை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது எங்கள் வழக்கம். வைத்தேன். இரண்டாம் நாளும் அதே இடத்தில் சாம்பல். அன்றும் வைத்தேன். எத்தனை சுலபம் பாருங்கள், புரியாததை விலக்குவது!

மூன்றாம் நாள் காலை முந்தைய நாள் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது கை நின்றது. சாம்பல் பட்டை ஒரே துண்டாக இல்லை. ஐந்து துண்டு! நடுவிலே நான்கு இடைவெளி! முதல் நாளும் ஐந்து, இரண்டாம் நாளும் ஐந்து. லிப்டில் நிற்பவர் உடம்பு ஏன் ஆட வேண்டும்? ஆடினாலும் ஏன் விட்டு விட்டு ஆட வேண்டும்? அது ஏன் ஐந்தே ஐந்து முறை ஆட வேண்டும்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர் எடுத்தார்.

“ஐயா, உங்க லிப்ட் ரொம்ப ஆடுமா?”

“லிப்ட் ஆடுறதா? என்னம்மா பேசுறீங்க! எங்க பில்டிங் லிப்ட் நான் விழுந்ததுலேருந்து நின்னுபோய்தான் கெடந்துச்சு. போன மாசம் யாரோ புது ஆள் வந்து சரி பண்ணிட்டான்னு இவதான் சொன்னா. கெட்டிக்காரன்தான்மா! மோட்டார் ஓடுற சத்தம் துளிகூட எனக்குக் கேக்கலைன்னா பாத்துக்கோங்க!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் ஒரு கணம் சிரித்தேன். அடுத்த கணம் அந்த அம்மாவின் விண்ணப்பத்தைப் புரட்டினேன். முகவரி, ஐந்தாவது மாடி! லிப்ட் ஓடவே இல்லை. அந்த அம்மா நாள்தோறும் இரண்டு கையிலும் பையோடு ஐந்து மாடி ஏறுகிறார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குகிறார். ஐந்து ஏற்றம், நான்கு நிறுத்தம்!

அப்போதுதான் நான் மூடி முத்திரை வைத்த சாம்பலைத் திறந்து, கிறுக்கலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாவது துண்டுக்குள், கடைசி ஏற்றத்தில், இதயத்தின் மேலறை கதவைத் தட்டுகிறது, கீழறை திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறது, திறக்கவில்லை. ஒரு நொடி... இரண்டு நொடி... மூன்று... நான்கு! நான்கு நொடி அந்த இதயம் ரத்தம் அனுப்பவில்லை. படிக்கட்டின் உச்சியில், இரு கையிலும் பாரத்தோடு! அந்த நான்கு நொடியைத்தான் நான் இரண்டு நாள் ‘விலக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த முத்திரையை அப்போதுதான் அழித்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால் ஆகப்போகிறது! மறுபடி போன் போட்டேன்.

“ஐயா, அம்மா எங்க?”

“கடைக்குப் போயிருக்கா, திரும்பி வர்ற நேரந்தான்.”

“ஐயா, பதறாம கேளுங்க. லிப்ட் ஓடலை. அவங்க படியேறித்தான் வர்றாங்க. இன்னைக்கு ஏறக் கூடாது. யாரையாவது உடனே கீழ அனுப்புங்க!”

மறுமுனையில் தட்டு ஒன்று சுவரில் மோதும் ஓசை. எழ முடியாத மனிதர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று கையில் கிடைத்த தட்டால் சுவரை அடி அடியென்று அடிக்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வருகிறார். செருப்புகூடப் போடாமல் படியிறங்குகிறார். ஐந்து, நான்கு, மூன்று... மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. பக்கத்தில் இரண்டு பை.

ஓடி வந்தவரைப் பார்த்து அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, தாய்மார்களே? “என்னக்கா ஆச்சு? அவருக்கா?”

எழவிடாமல் அங்கேயே பிடித்துக்கொண்டார் தையல்கார அம்மா. ஆம்புலன்ஸ் வந்தது, நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அதற்கு மூன்றாம் நாள் பேஸ்மேக்கர் பொருத்தியாயிற்று. இன்றைக்கு அந்த இதயம் ஒரு துடிப்பும் தவறுவதில்லை. கை தட்டுங்கள், எனக்கல்ல, அந்தச் சுவரைத் தட்டிய தட்டுக்கு!

நான் வார்டுக்குப் போனேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா என்னால்?

“லிப்ட் ஓடலைன்னு சொன்னா, நான் வந்து பாக்கறேன்னு இந்த மனுஷன் கட்டோட எழுந்துடுவாரும்மா. ஒரு தடவை எழுந்து விழுந்தாச்சு” என்றார் அந்த அம்மா.

அக்கம்பக்கத்தார் தூக்கி இறக்கிக் கொண்டுவந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்த கணவர் குறிப்பேட்டை மடியில் வைத்திருந்தார். ‘லிப்டில் வந்தாள்’ என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு, ‘ஐந்து மாடி ஏறி வந்தாள்’ என்று அதே அழகான எழுத்தில் எழுதியிருந்தார். என்னிடம் சொன்னார்: “கட்டின புருஷன்கிட்ட சொல்லாததை அந்தப் பிளாஸ்திரிகிட்ட சொல்லியிருக்கா பாருங்க!”

அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நான் எங்க சொன்னேன்? அது என்கூட மாடி ஏறி வந்துச்சு.”

பெரியோர்களே! தாய்மார்களே! இதுவல்லவோ விடை! எங்கள் பெரிய இயந்திரம் கட்டிலருகே காத்திருந்தது. படுத்தவரைப் பார்த்தது, பாரம் சுமந்தவரைப் பார்த்ததா? ஓய்ந்தவரைக் கேட்டது, ஓடியவரைக் கேட்டதா? வாழ்க்கை நடப்பது கட்டிலிலா, படிக்கட்டிலா? படிக்கட்டில் அல்லவா! சமையலறையில் அல்லவா! பட்டறையில் அல்லவா! அங்கே வரட்டும் மருத்துவம்! அங்கே வந்து கேட்கட்டும் அந்தத் துடிப்பை!

ஆகவே வாங்கிச் செல்லுங்கள். கருவிக்காக நல்ல பிள்ளையாகப் படுத்துக்கிடக்காதீர்கள், வழக்கம்போல் வாழுங்கள். சுமப்பதைச் சுமந்ததாக எழுதுங்கள், மயங்கினால் மயங்கியதாக எழுதுங்கள். இயந்திரம் விலக்கச் சொன்னாலும் நான் விலக்கமாட்டேன். சாம்பல் பட்டை ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன், இது இந்த அவையில் நான் தரும் வாக்கு!

இத்தனை நேரம் செவி கொடுத்த உங்களுக்கும், குனிந்த தலையை இப்போது நிமிர்த்திவிட்ட தலைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் ஐயாமார்கள் ஒன்று செய்யுங்கள். “நல்லாத்தான் இருக்கேன்” என்று பதில் வந்தால், இன்னும் ஒருமுறை கேளுங்கள். வணக்கம்!