ஆறாவது ஒப்புதல்

இல்லம்மா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சாப்ட்வேர் கம்பெனி அனுப்புச்சு, சொல்லிக்குடுக்க வந்திருக்கீங்க. ஆனா பாருங்க, காலைல ஏழு மணிலேருந்து பேக்கிங் மெஷின் நிக்குது. பெல்ட் அறுந்துபோச்சு. புது பெல்ட் அதோ, மூணாவது தட்டுல, கைக்கு எட்டுற தூரம். எடுத்துக் குடுக்க முடியுதா? ஆறு பேரு கம்ப்யூட்டர்ல ஒப்புதல் குடுக்கணுமாம். ஒரு பெல்ட்டுக்கு! மேனேஜர் ரெண்டு தடவ வந்து மொறச்சுட்டுப் போயிட்டாரு. பத்து மணிக்குள்ள மெஷின் ஓடலேன்னா ஸ்டோர்ஸுக்கு வேற ஆளாம். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸும்மா.

இந்த சாப்ட்வேர எப்படி வாங்குனாங்கன்னு கேளுங்க. கமிட்டி போட்டாங்க. எட்டு பேரு, ஏசி ரூமு, தட்டு நெறைய பிஸ்கட்டு. மூணு கம்பெனிக்காரங்க வந்து படம் காட்டுனாங்க. அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்குக் கலர் புடிச்சிருந்துச்சு. பர்ச்சேஸ்காரரு தூக்கம். சாமான் எடுத்துக் குடுக்குறவன ஒரு வார்த்த கேக்க வேணாமா?

என்னது? ஆமா, அந்த எட்டுல நானும் ஒருத்தன்தான். ஒரு தாளக் குடுத்து, என்ன வேணும்னு எழுதச் சொன்னாங்க. ஏதோ எழுதுனேன். படம் காட்ட வந்தவங்கள்ல ஒரு வழுக்கத்தல கம்பெனிக்காரரு, 'இத்தன ஒப்புதல் எதுக்கு சார், வேல நின்னுடும்'னு தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு. நம்மளயே கேள்வி கேக்குறாரேன்னு மார்க் ஷீட்டுல முட்ட போட்டுட்டேன். உங்காளு நல்ல மனுஷன், எதக் கேட்டாலும் 'முடியும் சார், முடியும் சார்'. முழு மார்க்கு.

உங்க கைல அது என்ன தாளு? ...என் கையெழுத்துதான். 'ஆறு பேர் ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது.' அது வந்தும்மா... வொர்க்ஷாப் ஃபோர்மேன் ஒரு நாள் என்னக் கேக்காம சுத்தியல எடுத்துட்டுப் போயிட்டாரு. வேற யாரு, என் மச்சான்தான். வயித்தெரிச்சல்ல எழுதுனது.

சரி விடுங்க. ஆறுல எத்தன வந்துருச்சு? அஞ்சா? எட்டு மணிக்கேவா? பாத்தீங்களா, ஒரே ஒரு ஆளு ஃபேக்டரியவே நிறுத்தி வச்சிருக்கான். யாரும்மா அந்தப் புண்ணியவான்? ஸ்கிரீன இப்படித் திருப்புங்க...

...

என் பேரச் சத்தமாப் படிக்காதீங்கம்மா, மேனேஜர் வர்றாரு. போன வாரம் பாஸ்வேர்டுன்னு ஒரு கவரு குடுத்து விட்டீங்கல்ல? கம்ப்யூட்டரத் தொட மாட்டேன்னு கிழிச்சுக் கூடைல போட்டேன். கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, கூடையக் கவுக்கணும்.