தேய்ந்த தகட்டுக்குக் காது கொடுத்தவருக்கு

கட்டை விரலுக்கு ஐந்து மாதச் சம்பளம், ஆள்காட்டி விரலுக்கு மூன்று மாதம், சுண்டு விரலுக்கு ஒரே ஒரு மாதம் என்று, விபத்தில் போகும் மனித விரலுக்கு விலை எழுதித் தொங்கவிட்டிருந்த அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்து, அந்தப் பட்டியலை ஆணியோடு பிடுங்க வைத்த அண்ணலே! தேய்மானத்தையே தேயவைத்த தீரரே! கல் அரைக்கும் ஆலைக்குக் கருணை கற்பித்தவரே! எங்கள் ஃபோர்மேன் அண்ணனே! வணக்கம்.

முப்பத்தாறு ஆண்டுகள் இந்த ஆலையின் வயிற்றுக்குள் போய்ப் போய்த் திரும்பியவர் தாங்கள். உள்ளே தாங்கள் என்னதான் செய்தீர்கள் என்று அண்ணியாருக்கு இன்றுவரை சந்தேகம். "வீட்டுல ஒரு தாழ்ப்பாள மாத்த மூணு வருஷம் ஆச்சு. இவரா சீக்கிரம் மாத்துற வழி கண்டுபிடிச்சாரு?" என்று சற்றுமுன் வாசலிலேயே மடக்கினார். அவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறோம்.

ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள இரும்பு உருளை. அதற்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு கல்லை மாவாக்கும். உருளை தேயாதிருக்க உட்சுவர் முழுதும் எண்பத்து நான்கு லைனர் தகடுகள். ஒவ்வொன்றும் மூன்று ஆள் எடை. புதுத் தகட்டின் முகத்தில் சங்கிலி மாட்ட ஒரு காது உண்டு. ஆதலால் ஏற்றுவது எளிது. ஆனால் குண்டுகள் முதல் வேலையாக அந்தக் காதைத்தான் தின்னும். கழற்றும் நாளில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத மொழுக்கட்டை இரும்புதான் மிஞ்சும். போல்டை வெட்டி, கடப்பாரையால் நெம்பி, தலைக்கு மேலிருப்பது எந்தப் பக்கம் விழுமோ என்று ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒன்று விழுந்துதான் எங்கள் வெல்டரின் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று.

அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் திரும்பிய தாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "உள்ள ஏத்துறதுக்குக் காது வெச்சவன், வெளிய எடுக்குறதுக்கு ஏன்யா வைக்கல?"

தேயாத இடம் எதுவென்று பழைய தகடுகளைத் தடவித் தடவியே கண்டுபிடித்தீர்கள். விளிம்பின் அடியோரம்! அங்கே ஒரு துளையிட்டு, கிரீஸ் துணியால் அடைத்து வைத்தால், கழற்றும் நாளில் கொக்கி மாட்டலாம் என்றீர்கள். மேலாளர் மசியவில்லை. "துளை போட்டா தகடு பலம் போயிடும். ஒண்ணு உடைஞ்சாலும் நீங்க வீட்டுக்குப் போகணும். எழுதிக் கொடுங்க." மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். எழுதிக் கொடுத்தீர்கள்.

தகடுகள் வந்தபோது தாங்கள் வெளியூரில்; துளை எதற்கென்று எங்களில் யாருக்கும் தெரியாது. பேரம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத நம் கொள்முதல் குமாஸ்தா, திரும்பி வந்த தங்களை மார்தட்டி வரவேற்றார்: "எல்லாத் தகட்டுலயும் ஓட்டைண்ணே! நான் விடுவேனா? வார்ப்படக்காரன உலுக்கி நூத்துக்குப் பத்து கொறைச்சுட்டேன்!"

வெல்டரும் பெருமையோடு சொன்னார்: "நீங்க வர்றதுக்குள்ள அத்தனையும் நான் வெல்டு வெச்சு அடைச்சுட்டேண்ணே!"

தாங்கள் கத்தவில்லை. "யோவ், நீ தள்ளுபடி வாங்கினது அதோட காதுக்குய்யா. இவன் அத அடைச்சே வெச்சுட்டான்" என்று சிரித்துவிட்டு, சாணைக் கருவியைக் கையில் எடுத்தீர்கள். எண்பத்து நான்கு காதுகளும் திறக்க ஒன்பது நாள். குமாஸ்தாவும் வெல்டரும் தங்கள் இருபுறமும் அமர்ந்து, வாய் திறக்காமல் தேய்த்தார்கள். குமாஸ்தா வாய் திறக்காத ஒன்பது நாட்களை இந்த ஆலை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பதினோரு மாதம் கழித்துக் கழற்றும் நாள் வந்தது. ஒரு தகடும் உடையவில்லை. ஆனால் கொக்கி தாங்குமா என்பது யாருக்குத் தெரியும்? எங்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, தாங்கள் மட்டும் உள்ளே போனீர்கள். உருளையின் வாயருகே மேலாளர், சட்டைப்பையில் அந்தக் காகிதத்தோடு. துணியை உருவினீர்கள். கொக்கி நுழைந்தது. சங்கிலி விறைத்தது. போல்டை வெட்டினீர்கள்.

தலைக்கு மேலே தகடு ஒரு சாண் இறங்கியது. நின்றது! மூன்று ஆள் எடையுள்ள இரும்பு, நேர்மையான வியாபாரியின் தராசுத் தட்டைப்போல அசையாமல் நின்றது. வெல்டர் தம் எட்டு விரல்களாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மேலாளர் காகிதத்தைக் கிழித்தார். "அடுத்ததுக்கு இவங்களையும் உள்ள விடுங்க. பாத்துக் கத்துக்கட்டும்" என்றார். அதுவரை ஒன்பது நாள் பிடித்த தகடு மாற்றும் வேலை அன்றுமுதல் இரண்டரை நாள் ஆயிற்று.

பெரியவர் என்று யாரையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத கூட்டம் நாங்கள். எதிலும் நொட்டை கண்டுபிடித்து விலை குறைப்பவர்கள். தங்கள் முன் மட்டும் கைகட்டி நிற்கிறோம். உடல்நலமும் ஓய்வும் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் சூழ, நூறாண்டைத் தாண்டியும் தாங்கள் நலமாக வாழ்க! தாழ்ப்பாள்களை இனியாவது மாற்றுக!

முப்பத்தாறு ஆண்டு இரைச்சலில் தங்கள் இடது காது மங்கிப்போனதை அறிவோம். அதனால்தான் வலப்பக்கம் நின்று இதை வாசிக்கிறோம். கணக்கு இதுதான். தாங்கள் காது கொடுத்துக் கழற்றிய தகடுகள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. அவற்றில் ஆள்மேல் விழுந்தவை, ஒன்றுமில்லை. ஆலை தங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட காது, ஒன்று.

இப்படிக்கு,
அந்த ஒன்றைத் திருப்பித்தர வழியறியாத
அரவைப் பிரிவுப் பணியாளர்கள்