என் தொட்டி பொய் சொன்னதில்லை

எனக்கு வெந்நீர் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. கோப்பி குடித்தால் நெஞ்செரியும். மொழிபெயர்க்கிற தனுஷியா தங்கைக்கு வேண்டுமென்றால் கொடுங்கள். பாவம், காலையிலிருந்து கதைக்கிறாள்.

என் பெயர் சிவானந்தராசா. வயது ஐம்பத்து நான்கு. இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை. கமெராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோவதற்கு அலுமினியப் பெட்டிகள் செய்கிறோம். கமெராக் கம்பனிக்காரன் வருடத்துக்கு ஒரு மொடல் விடுவான், ஒரு பொத்தானை இரண்டு மில்லிமீற்றர் தள்ளி வைப்பான், எங்கள் பழைய பெட்டி குப்பைக்குப் போய்விடும். அதைப் பற்றி நான் முறையிட்டதில்லை. புதுப்பெட்டி ஒவ்வொன்றையும் அழுத்தத் தொட்டிக்குள் இறக்கி, நாற்பது மீற்றர் ஆழத்து அழுத்தம் கொடுத்து, ஒரு மணித்தியாலம் பார்த்துத்தான் சீட்டில் கையெழுத்து வைப்பேன். என் கையெழுத்தோடு போன பெட்டி ஒன்றுகூட ஒழுகித் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் கோபிசன் வந்தான். இங்கே பிறந்து படித்த எஞ்சினியர். நல்ல பிள்ளை, அதை மறுக்க மாட்டேன். பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சின்னப் பம்பால் உறிஞ்சுவான். காற்று திரும்பி உள்ளே போகாவிட்டால் பச்சை லைட் எரியும். சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

“அண்ணை, பச்சை எரிஞ்சால் அலுவல் முடிஞ்சுது. உங்கட தொட்டியில இனி மீன் வளப்பம்.”

“ஆழத்தில என்ன நடக்குமெண்டு லைட்டுக்குத் தெரியுமோ?”

“உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் நீந்தவே மாட்டீங்களே.”

அதை அவன் டொச்சு மொழியிலும் சொன்னான். எங்கள் முதலாளி, ஷெஃப் என்போம், அவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாத முடிவில் தொட்டியைக் கழற்றுவதென்று முடிவானது.

அந்த லைட் பொய் சொல்லும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். மூன்று சனிக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். பெட்டி மூடியின் ரப்பர் வளையத்தில் தையல் நூல் வைத்தால் சிவப்பு. தூரிகை மயிருக்கும் சிவப்பு. என் நரைமுடி ஒன்றை வைத்தேன், பச்சை எரிந்தது. அதே பெட்டியைத் தொட்டியில் இறக்கினால் இருபது மீற்றரில் தண்ணீர் போனது.

அப்போதே ஷெஃபிடம் காட்டியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்று சிரித்த எல்லோரும் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டும்.

லுசேர்ண் ஏரிக்கரையில் வாங்குகிறவர்களுக்குச் செய்து காட்டும் நாள். காலையில் பெட்டியை மூடியது நான். வளையத்தில் நரைமுடியையும் நான்தான் வைத்தேன். பச்சை எரிந்தது. கோபிசன் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, தானே கொண்டு இறங்கினான். இருபத்தைந்து நிமிடத்தில் மேலே வந்தான். பெட்டியின் கண்ணாடிக்குள் பாதித் தண்ணீர்.

கமெராவின் பற்றறி நனைந்தால் பொங்கும். உள்ளே வாயு இறுகும். கோபிசன் வருவதற்கு முன் எங்கள் பட்டறையில் வேறு கம்பனிப் பெட்டி ஒன்றின் மூடி அப்படித்தான் பறந்து கூரையில் குத்தி நின்றது. அப்படிப்பட்ட பெட்டியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

“அண்ணை, பெட்டி சுடுகுது. ஏன்?”

“திறந்து பாரன்,” என்றேன்.

மூடி அவன் தொண்டையில் பட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டான். அவன் மனைவி யாதவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?” என்று அழுதாள். ஓம் என்றேன். அந்த வாரமே ஷெஃப் தொட்டியைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னார். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். சோதனையைத்தான் நான் எதிர்த்தேன். பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

தங்கச்சி, வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான் தற்செயலாகத் தள்ளி நின்றதால் தப்பினேன் என்று எழுதியிருக்கிறார்கள். அது பிழை. அவன் மூடியின் கொக்கியில் கை வைத்ததும் நானே மூன்று அடி பின்னால் போனேன். வேலையில் நான் எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை.